பெருக்காத வாசலும் அக்காவின் அடப்பங்கொடியும்

அக்கா நம்மைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. ஆண்டுப் பூசைக்காகப் பக்கத்திலிருந்தும் தொலைவிலிருந்தும் வந்திருக்கும் உறவினர்கள் கையில் இந்தச் சிறு நினைவு மலரைக் கொடுக்கும்போது, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து முடிக்காமல் யாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டாம். அதிலும் கையில் துடைப்பமோ மண்வெட்டியோ வைத்திருப்பவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும். காரணம் கடைசியில் வரும்.

இத்தகைய மலர்களில் பொறுமை, தியாகம், பக்தி என்று எழுதுவது வழக்கம். அக்காவிடம் பக்தி இருந்தது. தியாகமும் இருந்தது. பொறுமை இருந்தது என்று எழுதினால் அவர் கணவரான என் மாமாவே சிரித்துவிடுவார். அவரிடம் அளவுக்கு மீறி இருந்தது ஒன்றுதான்: எதைப் பார்த்தாலும் ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்பது. கேட்டுவிட்டுச் சும்மாவும் இருக்கமாட்டார். பதில் கிடைக்கும்வரை வீட்டில் ஒருவரையும் நிம்மதியாகச் சோறு தின்ன விடமாட்டார்.

அக்கா பிறந்தது திருக்கழுக்குன்றத்துக்குத் தெற்கே, மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், பிறருடைய நிலத்து வரப்போரத்தில் இருந்த ஒரு குடிசையில். அப்பாவும் அம்மாவும் அந்த நிலத்தில்தான் கூலி வேலை செய்தார்கள். குடிசை எங்களுடையது. அது நின்ற மண் எங்களுடையதல்ல. “பிரிச்சு அப்பால கட்டிக்கோங்க” என்று நிலத்துக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னால் அன்றைக்கே பிரித்தாக வேண்டும். எனக்கு நினைவு தெரிந்தபின் இரண்டு முறை அப்படிப் பிரித்தோம். கூரைக் கழியில் ஒரு முனையை அப்பாவும் மறுமுனையை அக்காவும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

புது இடத்தில் இறங்கியதும் அம்மா செய்யும் முதல் வேலை வாசலைப் பெருக்குவதுதான். அடுப்பு மூட்டுவதுகூட அப்புறம்தான். பெருக்கிவிட்டால் அந்த மண் நம்முடையது ஆகிவிடுகிறது என்று அம்மாவுக்கு ஓர் எண்ணம். எங்கள் சனத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு சருகு கிடந்தாலும் மானம் போய்விட்டது போலப் பதறுவார்கள். அக்காவும் நானும் அந்தத் துடைப்பத்தின் சத்தத்தில்தான் தினமும் கண் விழித்தோம்.

உச்சிவேளையில் மலைக்குக் கழுகுகள் வரும். நாங்கள் மலைக்கோயிலுக்குப் போகாத வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள், என்றாலும் அண்ணாந்து பார்ப்பதை யார் தடுக்க முடியும்? மற்ற பிள்ளைகள் கழுகு வருவதைப் பார்த்துவிட்டுக் கத்துவார்கள். அக்கா மட்டும், “போம்போது எந்தப் பக்கம் போவுதுன்னு பாரு பாப்பா, வந்த வயிலயே போவுதா, வேற வயிலயா?” என்பார். இப்படிக் கேட்டுக் கேட்டு என் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

மாமாவுக்கு உப்பளத்தில் வேலை. நம் நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், ஐம்பதுகளின் தொடக்கத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் கால்வாய்க்கும் இடையில் இருந்த மணல் மேட்டில் அவர் ஒரு மனை வாங்கினார். விளையாத மண், ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கும் எட்டியது. இரண்டு குடும்பத்திலும் சேர்த்துப் பார்த்தால் சொந்தமென்று சொல்லிக்கொண்ட முதல் மண் அதுதான். செங்கல் கடைக்கால் போட்டு, மண் சுவர் எழுப்பி, பனையோலைக் கூரை வேய்ந்தார்கள். வாசல் கடலைப் பார்த்தது. பின்பக்கம் மேடு சரிந்து கால்வாயை நோக்கி இறங்கியது.

அந்த வீட்டில் மாமா, அக்கா, மாமாவின் தாயார் மூவரும் குடியேறினார்கள். அக்காவின் மாமியாரான அவரை நானும் அத்தை என்றுதான் அழைப்பேன். இதை அவரும் படிக்கச் சொல்லிக் கேட்பார் என்பதால் பார்த்துத்தான் எழுதுகிறேன். அத்தைக்குத் துடைப்பம் இன்னொரு கை. விடியற்காலையில் ஒரு முறை, விளக்கு வைக்கும் முன் ஒரு முறை, முன்வாசல், பின்வாசல், வீட்டைச் சுற்றி, எல்லாவற்றையும் பெருக்கி வாரி முறத்தில் அள்ளிப் பின்பக்கச் சரிவில் கொட்டுவார். சொந்த மண் வந்ததும் அந்தப் பெருக்கல் இரண்டு மடங்காயிற்று. அக்காவும் சளைத்தவரல்ல. இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பெருக்கினார்கள்.

நான் செங்கல்பட்டில் பயிற்சி முடித்து அங்கேயே ஆசிரியை ஆனேன். விடுமுறை விட்டால் திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வந்து, கால்வாயில் ஓடம் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். அப்படி ஒரு முறை போனபோது, அக்கா வீட்டுச் சுவரோரம் குந்திக்கொண்டு கடைக்காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டிய செங்கல் வரிசை வெளியே தெரிந்தது.

“மண்ணு எறங்கிகினு கீது பாப்பா. எங்க போவுது?”

மாமா, “நண்டு தோண்டுது. வேற இன்னா?” என்றார்.

அத்தைக்கு வேறு விளக்கம் இருந்தது. “கண்ணு பட்டுகீது. சொந்த மண்ணுல வூடு கட்டுனா சும்மா வுடுவாங்களா?”

அக்கா இரண்டையும் ஏற்கவில்லை. “நண்டு தோண்டுனா மண்ணு பக்கத்துல குமியணுமே, காணோமே? கண்ணு பட்டா வூடு சாயும், மண்ணு எதுக்கு அத்தை நடந்து போவுது?” என்று கேட்டார்.

அன்றைக்கே அடுப்புக் கரியால் வீட்டின் இரண்டு பக்கச் சுவரிலும் மணல் மட்டத்தில் கோடு போட்டார். வடக்குப் பக்கத்தை வழக்கம்போலப் பெருக்கினார். தெற்குப் பக்கத்தை யாரும் தொடக்கூடாது என்றார். அத்தை ஆடிப்போய்விட்டார்.

“பாதி வாசல் பெருக்கிப் பாதி வுடறது இன்னாமே பயக்கம்? பாதி மூஞ்சி கயுவிகினு பூசைக்குப் போவியா?”

அடுத்த விடுமுறையில் போனபோது வடக்குக் கோட்டுக்கும் மணலுக்கும் நடுவே என் கை நுழைந்தது. தெற்கில் விரல்தான் நுழைந்தது. அக்காவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். வீடு இறங்கிக்கொண்டிருக்கிறதே என்கிற பயத்தைவிட, ஏன் என்று தெரிந்துவிட்ட சந்தோஷம் பெரிதாக இருந்தது.

“தொடப்பந்தான் அத்தை நம்ம வூட்டத் துன்னுது. குப்பையோட மண்ணையும் வாரிப் பின்னால கொட்றோம். மயை அத்தக் கால்வாயில எறக்கிடுது.”

அத்தை அன்று முழுவதும் துடைப்பத்தைச் சந்தேகத்தோடு பார்த்தபடி இருந்தார். ஆனால் மறுநாள் விடியற்காலையில் சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. பல தலைமுறையாகக் கையோடு வந்த பழக்கம் ஒரு கரிக்கோட்டைக் கண்டு நிற்குமா?

அத்தையிடம் சொல்லிச் சொல்லிப் பெருக்குவதைக் குறைத்தும் போதவில்லை. கோடைக் காற்று தன் பங்குக்கு வாரிக்கொண்டு போயிற்று. மண்ணைப் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும் என்று அக்கா தேட ஆரம்பித்தார். கடலோரத்தில், கட்டுமரங்கள் கிடக்கும் இடத்துக்கு மேலே, அடப்பங்கொடி பாய் விரித்தது போலப் படர்ந்து கிடக்கும். ஆட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்த தடித்த இலை. காலையில் கத்தரிப்பூ நிறத்தில் பூத்து, உச்சி சாய்வதற்குள் சுருண்டுகொள்ளும் பூ. நாம் எல்லோரும் அதை மிதித்துக்கொண்டு போனவர்கள்தாம். கொடி இருக்கும் இடமெல்லாம் மணல் மேடாக ஏறியிருப்பதையும், கொடி இல்லாத இடம் குழிந்திருப்பதையும் அக்காதான் நின்று பார்த்தார்.

அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெண்ணிடம், இதை வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இத்தப் போயி யாருக்கா வளக்கறா? அதுவாக் கெடக்குது. சொறிமீன் பட்டா எலைய அரைச்சுத் தடவுவோம். அவ்ளோதான்.”

அக்கா வேர் விட்டிருந்த கொடிகளை மண்ணோடு பெயர்த்து வந்து முன்வாசலில் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. ஒரு மழைக்காலத்துக்குள் முன்வாசல் பச்சையாயிற்று. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பாராட்ட அல்ல. அத்தையிடம் ஒருத்தி, “இன்னாம்மா இது, வூட்ட வுட்டுட்டுப் போனவங்க வாசலாட்டம் கீது?” என்று கேட்டேவிட்டாள். அன்றிரவு அத்தை சாப்பிடவில்லை. கொடி மண்டிய வாசல் என்றால் ஆளில்லாத வீடு என்றுதான் எங்கள் பக்கத்தில் அர்த்தம். அந்த அம்மாளின் வருத்தத்தையும் நான் குறைவாக எண்ணவில்லை. வாழ்நாள் முழுவதும் பிறர் மண்ணைப் பெருக்கியவருக்குச் சொந்த வாசலைப் பெருக்கக் கிடைக்கவில்லை.

முன்பக்கம் இப்படி இருக்க, உண்மையான ஆபத்து பின்பக்கத்தில் இருந்தது. சரிவு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து அடுப்படிச் சுவர்வரை வந்துவிட்டது. சுவரில் வெடிப்பும் கண்டது. வேரோடு பெயர்த்து நட்டதெல்லாம் சரிவில் நிற்காமல் மணலோடு உருண்டு போயிற்று. ஆகவே அக்கா கொடியைத் துண்டு துண்டாக நறுக்கி, முருங்கைப் போத்து நடுவது போல நிமிர்த்தி ஊன்றினார். எரு வைத்தார், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். எல்லாம் காய்ந்து கருவாடாயிற்று. மறுபடியும் ஊன்றினார். அதுவும் போயிற்று.

நான் போயிருந்த ஒரு நாள், வெடிப்பைப் பார்க்க மாமா ஒரு கொத்தனாரை அழைத்து வந்தார். அவர் சரிவில் காலை வைத்துப் பார்த்துவிட்டு, “மயை வரதுக்குள்ள பிரிச்சு அப்பால கட்டிக்கோங்க” என்றார். நல்ல மனிதர், உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்கா என் முகத்தைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்தக் கூரைக் கழி நினைவுக்கு வந்தது.

“அப்பால எங்க?” என்றார் அக்கா. “இதான எங்க மண்ணு?”

மழைக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. அந்தச் சமயத்தில் பங்குச் சாமியார் எங்கள் தெருவில் வீடு மந்திரிக்க வருகிறார் என்று அவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் வந்து சொல்லிவிட்டுப் போனார். சாமியார் வீட்டுக்குள் செபம் சொல்லி, பிறகு வீட்டைச் சுற்றி வந்து நாலு பக்கமும் தீர்த்தம் தெளிப்பார். மெழுகுவர்த்தியும் மற்ற சாமான்களும் வாங்க அக்கா செங்கல்பட்டுக்கு வந்தார். என்னோடு ஓர் இரவு தங்கி, மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்.

வாசலுக்கு வந்ததும் அக்கா நின்றுவிட்டார். முன்வாசல் பளிச்சென்று இருந்தது. ஓர் இலை இல்லை. துடைப்பத்தின் கோடுகள் வளைவு வளைவாக மணலில் விழுந்திருந்தன. அத்தையும் தெருப் பெண்களும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வியர்வையோடும் சிரிப்போடும் நின்றார்கள். சாமியார் வரும் நாளில் அக்காவுக்கு அவமானம் வரக்கூடாது என்று, ஊர் கூடிக் கொடியைக் கொத்திச் சுத்தம் செய்திருந்தார்கள். அவ்வளவும் அன்பினால் செய்த காரியம்.

“எங்க போட்டீங்க?” என்று மட்டும் அக்கா கேட்டார்.

“பின்னால சரிவுல தள்ளிட்டோம். சாமியாரு அந்தப் பக்கமும் வருவாரே, கண்ணுல படக்கூடாதுன்னு மேல மண்ணு போட்டு மூடியாச்சு. நீ ஒண்ணும் கவலப்படாத” என்றார் அத்தை.

அக்கா அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதார். வெடிப்பு விட்ட சுவரில் சாய்ந்துகொண்டு அழுதார். அக்கா அழுது நான் பார்த்தது குறைவு. நானும் கூடவே அழுதேன் என்பதைத் தவிர வேறு எந்த உதவியும் செய்யவில்லை. மறுநாள் சாமியார் வந்தார், மந்திரித்தார், முன்வாசல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அத்தையைப் பாராட்டினார். பின்பக்கச் சரிவிலும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.

முதல் மழை பெய்து விட்டது. நான் அடுத்த முறை ஓடத்திலிருந்து இறங்கி மேட்டை நோக்கி நடந்தபோது, அக்கா சரிவில் முழங்காலிட்டு மணலைக் கையால் விலக்கிக்கொண்டிருந்தார். விழுந்துவிட்டாரோ என்று பயந்து ஓடினேன். “ஓடியாராத, மிதிச்சிடுவ!” என்று கத்தினார். மணலுக்குள்ளிருந்து இரண்டிரண்டாகச் சின்ன இலைகள் எட்டிப் பார்த்தன. ஒன்றல்ல, சரிவு நெடுக.

விலக்கிப் பார்த்த இடத்தில் கொடி படுத்த வாக்கில் கிடந்தது. கணுவுக்குக் கணு கீழே வேர், மேலே துளிர்.

அத்தைக்கு ஆனந்தம் பிடிபடவில்லை. “சாமியாரு தீர்த்தம் பட்ட எடம்மே அது! சும்மாவா?” என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

 கடவுள் செயல் என்பதில் அக்காவுக்கும் சந்தேகமில்லை. எந்த வழியாகச் செய்தார் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். கடலோரத்திலிருந்து புதுக் கொடி ஒன்றைக் கொண்டுவந்து, தீர்த்தம் தெளிக்காத கிணற்றடிக்கு அப்பால் படுக்க வைத்து, நுனியை மட்டும் வெளியே விட்டு மணல் போட்டார். அதுவும் துளிர்த்தது. கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் அத்தைக்குக் காட்டினார். அத்தை குனிந்து நன்றாகப் பார்த்தார்.

“காத்துல தெறிச்சிருக்கும்” என்றார்.

அதற்குப் பிறகு அக்கா அந்த விவாதத்தை விட்டுவிட்டார். நிமிர்த்தி நட்டு, எரு போட்டு, தண்ணீர் ஊற்றி, தாம்தான் இத்தனை நாள் அதைக் கொன்றதாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வேண்டாமென்று தள்ளி மூடியவர்கள் பிழைக்க வைத்திருக்கிறார்கள். மழை பலமாகும் முன் மாமாவும் அவரும் சரிவு முழுவதும் கொடியைப் படுக்க வைத்து மூடினார்கள்.

அந்த ஆண்டு மழையும் காற்றும் கடுமையாக இருந்தன. அடுப்படிச் சுவரின் வெடிப்பு அப்படியே நின்றது, மேலே விரியவில்லை. வந்த மணலைக் கொடி பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு கடைக்கால் செங்கல் மறைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு அந்தக் கரிக்கோடும் மறைந்தது. அந்த ஆண்டில்தான் அக்காவுக்கு ஒரு மகள் பிறந்தாள். கொத்தனார் வந்து பார்த்துவிட்டு வெடிப்பைப் பூசிக் கொடுத்தார். பிரிக்கச் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினோம்.

அத்தைக்காக அக்கா ஓர் ஏற்பாடு செய்தார். முன்வாசலில் மறுபடியும் கொடி வைத்தபோது, தெருவிலிருந்து கதவுவரை ஓர் ஆள் நடக்கும் அகலத்தில் பாதை விட்டு, “இது ஒங்களுது அத்தை, எத்தினி தபா வேணா பெருக்கிக்கோங்க” என்றார். இருபுறமும் கொடி பூத்திருக்க, நடுவில் அத்தை பெருக்கிய வெள்ளை மணல். மெல்ல மெல்லத் தெருவில் மற்றவர்களும் கொடி கேட்டு வந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அக்கா சொன்னது ஒரே விஷயம்: “நட்டு வெக்காத. படுக்க வெச்சு மண்ணு போடு.”

அக்காவுக்கு மார்பு நோய் கண்டது சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டில். செங்கல்பட்டு மருத்துவமனையில் பல வாரம் படுத்திருந்தார். வலி இல்லாத நேரத்தில் என்னிடம் கேள்வி கேட்பார். “ரெண்டு பக்கமும் எடம் கீது பாப்பா. கொடி மட்டும் ஏன் கடல் பக்கமே ஓடுது? அலை வந்து அடிக்குதுல்ல? பொஸ்தகத்துல போட்டுகீதா பாரு.” நான் தேடினேன். எனக்குக் கிடைத்த புத்தகங்களில் அதற்குப் பதில் இல்லை. நோய் தீராது என்று தெரிந்ததும் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டார். கட்டிலை வாசலுக்கு நேராகப் போட்டோம். பூ பூத்திருக்கும் காலை வேளையில், தம் மகளின் தலையில் கை வைத்தபடியே போய்விட்டார்.

எங்கள் கல்லறைத் தோட்டமும் மணல்தான். நனைத்துத் தட்டி மேடு கட்டினாலும், காற்று கொஞ்ச நாளில் சமமாக்கிவிடுகிறது. அடக்கம் முடிந்த சில நாளில் நாங்கள் போய்ப் பார்த்தபோது மேடு பாதியாகக் குறைந்திருந்தது. நானும் மாமாவும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். அப்போது அத்தை வந்தார். கையில் துடைப்பம் இல்லை. முறம் நிறைய அடப்பங்கொடி இருந்தது. கூட வந்த தெருப் பெண்கள் ஆளுக்கொன்றை எடுத்து மேட்டில் ஊன்றப் போனார்கள்.

“நட்டு வெக்காதீங்கடி” என்றார் அத்தை. “படுக்க வெச்சு மண்ணு போடுங்க. அவ சொன்னது.”

தாமே முழங்காலிட்டு முதல் கொடியைக் கிடத்தி, இரண்டு கையாலும் மணலை அள்ளிப் போட்டார். பிறகு அந்த மணல்மேல் முகம் வைத்து அழுதார். தீர்த்தம் தெளிக்க யாரையும் அழைக்கவில்லை.

அக்காவின் நோயில் இரவு பகல் பார்க்காமல் துணை நின்ற மருத்துவமனைத் தாதியர், கட்டிலோடு அவரை ஓடத்தில் ஏற்றி இறக்கிய ஓடக்காரர்கள், அடக்கத்துக்கு வந்து தோள் கொடுத்த உப்பளத் தொழிலாளர்கள், இறுதி மன்றாட்டு நடத்திய சாமியார், உபதேசியார், தாயில்லாப் பிள்ளைக்குத் தாயாக இருக்கும் அத்தை, அன்று கொடியைக் கொத்தித் தள்ளி எங்கள் வீட்டைக் காப்பாற்றிய தெருப் பெண்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.

இப்போது அந்தக் காரணம். பூசை முடிந்ததும் நாம் எல்லோரும் வழக்கப்படி கல்லறைகளைச் சுத்தம் செய்யப் போவோம். புல்லைச் செதுக்கி, மண்ணைப் பெருக்கி, கோடு விழ வைத்துவிட்டுத்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அங்கே ஒரு கல்லறைமேல் மட்டும் அடப்பங்கொடி மண்டியிருக்கும். கேட்பாரில்லாத கல்லறை என்று நினைத்துவிடாதீர்கள். அதில் மணல் குறையவில்லை, கட்டிய அன்றைவிட உயர்ந்திருக்கிறது. போன வாரம் நான் பார்த்தபோது ஒரு கொடி மேட்டைவிட்டு இறங்கி, கடல் பக்கமாக ஓட ஆரம்பித்திருந்தது. ஏன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தயவுசெய்து அங்கே மட்டும் பெருக்க வேண்டாம்.